எடுக்காத பி.பி.யை எழுதி வைத்தேன்: ஆஸ்பத்திரி வேலையில் எரிந்துபோவது பற்றி

மூணாவது_வார்டு | ஞாயிறு, இரவு 11.52

இங்க ரொம்ப வருஷமா படிச்சிட்டிருக்கேன். எழுதுறது இதுதான் முதல் தடவை. அரசு மருத்துவமனையில ஸ்டாஃப் நர்ஸ். ஊர் பேர் வேண்டாம்.

சர்ஜரி வார்டு. 40 படுக்கை. அன்னைக்கு ராத்திரி 58 பேர், கட்டிலுக்கு நடுவுல பாய் விரிச்சுப் படுத்திருந்தவங்களையும் சேர்த்து. டூட்டியில நானும் இன்னொரு சிஸ்டரும். பதினொன்றரைக்கு பைக் விபத்து கேஸ் ஒண்ணு ஏறுச்சு. சி.டி. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்ல, அந்த சிஸ்டரே தள்ளிட்டுப் போனாங்க. அவங்க திரும்பி வரும்போது மணி ஒண்ணே முக்கால். அதுவரைக்கும் மொத்த வார்டுக்கும் நான் ஒருத்தி. ஒருத்தருக்கு ஃபிட்ஸ் வந்துச்சு, ஒருத்தர் ட்யூபைப் பிடுங்கிட்டார், பிளட் பேங்குக்கு நாலு தடவை போன் பண்ணேன்.

ரெண்டு மணி வைட்டல்ஸ் (பி.பி., நாடி மாதிரி அளவுங்க) எடுக்கணும். ஆபரேஷன் முடிஞ்சவங்க மட்டும் பதினேழு பேர். பாதிப் பேருக்கு எடுத்தேன். மீதிப் பேருக்கு எடுக்காமலே எழுதினேன். 31ஆம் படுக்கை அம்மாவுக்கு 110/70, நாடி 84. பத்து மணிக்கு அப்படித்தான் இருந்துச்சு, அதையே கொஞ்சம் மாத்திப் போட்டேன்.

காலை ஆறு மணிக்கு நிஜமாவே எடுத்தேன். 80/50. நாடி 128. கை ஜில்லுனு இருந்துச்சு. டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, திரும்ப தியேட்டருக்கு ஏத்தி, உள்ள ரத்தக்கசிவை நிறுத்தினாங்க. அந்தம்மா பிழைச்சுட்டாங்க. பத்து நாள்ல வீட்டுக்குப் போனாங்க. போகும்போது என் கையைப் பிடிச்சு "நீதாம்மா காப்பாத்துன"ன்னு சொன்னாங்க.

ரெண்டு மணி எண்ணைப் பத்தி யாருமே கேட்கல. கேஸ் ஷீட்ல என் கையெழுத்துல இன்னும் அப்படியே இருக்கு.

அதை எழுதும்போது எனக்கு எதுவுமே தோணல. பயமும் இல்ல, உறுத்தலும் இல்ல. படிச்சு முடிச்ச புதுசுல ஒரு ஊசி பத்து நிமிஷம் லேட்டானா அழுதவ நான். இப்ப என்ன ஆச்சு எனக்கு? லீவு நாள்ல கூட படுக்கையை விட்டு எழுந்திரிக்க முடியல. குழந்தை பேசினா காதுல ஏற மாட்டேங்குது. இதுக்குத்தான் பர்ன் அவுட்டுன்னு சொல்றாங்களா, இல்ல நான் கெட்டவளா ஆயிட்டேனா?

---

ரெண்டாம்வருட_பிஜி | திங்கள், அதிகாலை 1.20

சிஸ்டர், இப்பதான் காஷுவாலிட்டியிலிருந்து வந்து உட்கார்ந்தேன். நேத்து காலை ஏழரைக்கு வந்தது, இன்னும் ரூமுக்குப் போகல. இன்னைக்கு ஓ.பி. முடிஞ்சு மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் போவேன்.

நீங்க கெட்டவங்க இல்ல. "எதுவுமே தோணல"ன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் எனக்கும். போன மாசம் ஒருத்தர் இறந்தார். அவர் மனைவி கதறி அழும்போது என் மனசுல ஓடினது, டெத் சம்மரி எழுதிட்டா இருபது நிமிஷம் தூங்கலாம்ங்கிறது மட்டும்தான். அதுக்கப்புறம் ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல.

---

ஓய்வு_சர்ஜன் | திங்கள், காலை 6.05

முப்பத்தாறு மணி நேர டூட்டியை நாங்களும் பார்த்திருக்கிறோம். 1980களில் ஒரு யூனிட்டுக்கு இரண்டு பி.ஜி. (முதுநிலை மருத்துவ மாணவர்கள்)தான். யாரும் எரிந்துபோகவில்லை. இன்றைய பிள்ளைகளை வருத்தப்படுத்தச் சொல்லவில்லை. கஷ்டப்பட்டுக் கற்றால்தான் கை பழகும் என்பது என் அனுபவம். ஆனால் எடுக்காத ரத்த அழுத்தத்தை எழுதுவது எந்தக் காலத்திலும் தவறு. அதைப் பர்ன் அவுட் என்ற சொல்லுக்குள் ஒளித்து வைக்கக் கூடாது.

---

கரிசல்காட்டான் | திங்கள், காலை 9.41

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இதைப் படித்ததும் கை பதறுகிறது.

என் அப்பா ஒரு பெரிய ஆஸ்பத்திரி வார்டில்தான் இறந்தார். வயிற்று ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள். ராத்திரி முழுக்க "மூச்சு வாங்குது பாருங்க"ன்னு கேட்டுக்கொண்டே இருந்தேன். "எல்லாம் நார்மலா இருக்கு சார், ஷீட்டுல பாருங்க"ன்னு சொன்னார்கள். பார்த்தேன், எல்லாம் நார்மலாகத்தான் எழுதியிருந்தது. விடிவதற்குள் போய்விட்டார்.

ஆறு வருடமாக அந்த ஷீட்டை நம்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று நடந்தது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அம்மாவைத் தேற்றினேன். இப்போது சொல்லுங்கள், அதுவும் இப்படி எழுதியதுதானா?

ஆள் இல்லை, புரிகிறது. எடுக்க முடியவில்லை, அதுவும் புரிகிறது. எடுக்கவில்லை என்று எழுத வேண்டியதுதானே? அடுத்து வருகிற டாக்டர் அந்தக் காகிதத்தை நம்பித்தானே முடிவெடுக்கிறார்? வெற்றிடமாக விட்டிருந்தால் அவராவது சந்தேகப்பட்டிருப்பார்.

---

மூணாவது_வார்டு | திங்கள், மதியம் 2.15

சார், உங்க கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. நீங்க சொல்றது சரி. மன்னிச்சுக்கோங்கன்னு கேட்கிற தகுதியும் எனக்கு இல்ல.

---

பழைய_மேட்ரன் | திங்கள், மாலை 4.30

முப்பத்து நான்கு வருடம் அரசுப் பணி. கடைசி ஆறு வருடம் செவிலியர் கண்காணிப்பாளர். இந்த இழையைப் பேத்தி காட்டினாள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெண்ணுக்கு. அம்மா, நீ சொல்கிற மூன்றும் புத்தகத்தில் இருக்கிறது. 1970களில் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துபோவதைக் கண்டு எழுதிவைத்தார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்க வழி செய்தார். உள்ளம் வற்றிப்போவது ஒன்று. எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் வேலையாகத் தெரிவது இரண்டாவது. நான் செய்வதில் பயனில்லை என்ற நினைப்பு மூன்றாவது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய்ப் பட்டியலில் குறித்தபோது நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் சரிவரக் கையாளப்படாத நீண்டகால அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் சொன்னது. நம் ஊரில் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு உனக்கு மனத்தைரியம் போதவில்லை என்கிறார்கள்.

இப்போது கரிசல்காட்டான் தம்பி கேட்டதற்கு. வெற்றிடமாக விடலாமே என்றீர்கள். விட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் செய்தவளே நான்தான்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் யாராவது ஒருவர் சார்ட்டைப் பார்ப்பார். "ரெண்டு மணி ஏன் காலி?" என்பார். அந்தச் செவிலியருக்கு மெமோ போகும். 58 பேருக்கு இரண்டு பேர் என்று விளக்கம் எழுதினால், எல்லாரும் அப்படித்தானே பார்க்கிறார்கள் என்று பதில் வரும். நிரப்பிய சார்ட்டுக்கு மெமோ கிடையாது. ஆடிட் வரும்போதும் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். "முடிச்சு வைம்மா, நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்" என்று எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பேன். முடித்து வை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நிரம்பிய சார்ட் மேலே போகும். இரண்டு செவிலியர் 58 பேரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை குறையில்லாமல் பார்த்ததாக அதில் இருக்கும். அப்புறம் மூன்றாவது செவிலியர் எதற்கு என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? ஆள் பற்றாக்குறையை நம் கையாலேயே அழித்துவிட்டு, ஆள் இல்லை என்று நாமே அழுதோம்.

பொது வார்டில் ஆறு படுக்கைக்கு ஒரு செவிலியர், ஐ.சி.யு.வில் ஒரு படுக்கைக்கு ஒருவர், விடுப்புக்கு மாற்றாகக் கூடுதலாக 30 சதவீதம் என்று மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த விதி 1990களிலிருந்தே இருக்கிறது. அந்தக் கணக்கு படுக்கைக்குத்தான், பாய்க்கு இல்லை. அந்த 30 சதவீதம்தான் முதலில் காணாமல் போகும். பிரசவ விடுப்பில் இருவர், மாற்றுப்பணியில் ஒருவர் என்றால், மிச்சம் இருப்பவள் காய்ச்சலோடு வந்து நிற்பாள். வரவில்லையென்றால் கூட இருப்பவள் தொடர்ந்து பார்க்க வேண்டும். அவள் முகத்தை நினைத்துத்தான் காய்ச்சலோடு வருகிறாள்.

---

ரெண்டாம்வருட_பிஜி | திங்கள், இரவு 8.10

> "யாரும் எரிந்துபோகவில்லை"

சார், மரியாதையோடதான் சொல்றேன். உங்க காலத்துல ஒரு அட்மிஷன் டேயில எத்தனை கேஸ் ஏறுச்சு? வென்டிலேட்டர்ல எத்தனை பேர்? இன்னைக்கு ஒரு நோயாளிக்கு நான் நிரப்புற ஃபார்ம் மட்டும் எத்தனைன்னு எண்ணிப் பார்த்தேன். காப்பீட்டுத் திட்டத்துக்கு போட்டோவோட அப்லோடு, ரத்தத்துக்கு ஃபார்ம், ஸ்கேனுக்கு ஃபார்ம், ஆன்லைன்ல ஒரு என்ட்ரி, அதையே நோட்டுல ஒரு என்ட்ரி. கத்தி பிடிச்சுக் கை பழகணும்னுதான் சர்ஜரி எடுத்தேன். டைப் அடிச்சுத்தான் பழகியிருக்கு.

மேட்ரன் அம்மா சொன்னது எங்க பக்கமும் அப்படியே பொருந்துது. பி.ஜி.க்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு மத்திய அரசு 1992லயே ரெசிடென்சி திட்டத்துல சொல்லிடுச்சு. 2023ல வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிமுறை "நியாயமான வேலை நேரம்"னு மட்டும் சொல்லுது, எண்ணே இல்ல. 2024ல அதே ஆணையம் அமைச்ச குழு வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாதுன்னு பரிந்துரை பண்ணுச்சு. எங்க ரோஸ்டரைப் பார்த்தா யாரும் குறை சொல்ல முடியாது. எல்லாம் எட்டு மணி நேரம், வாரம் ஒரு லீவு. கீழ என் கையெழுத்தும் இருக்கு. நான் போட்ட கையெழுத்து சிஸ்டர் எழுதின 110/70தான்.

கொல்கத்தாவுல 2024 ஆகஸ்ட்ல கொல்லப்பட்ட அந்தப் பெண் டாக்டர், 36 மணி நேர டூட்டிக்கு நடுவுலதான் செமினார் ஹால்ல போய்ப் படுத்தாங்க. படுக்க அவங்களுக்கு வேற இடம் இல்ல. சுப்ரீம் கோர்ட் அப்ப வேலை நேரத்தைப் பத்தியும் கேட்டுச்சு. நாங்க கேட்கிறது மெத்தை இல்ல சார், உள்பக்கம் தாழ்ப்பாள் போடுற ஒரு ரூம்.

---

ஓய்வு_சர்ஜன் | திங்கள், இரவு 9.33

தம்பி, யாரும் எரிந்துபோகவில்லை என்று காலையில் எழுதியது தவறு. நாள் முழுவதும் அதையே யோசித்தேன். என் வகுப்பில் இரண்டு பேர் குடியில் போனார்கள். ஒருவர் படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் அவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. என் மகள் ஆறு வயது வரை என்னை "ஆஸ்பத்திரி அப்பா" என்றுதான் கூப்பிட்டாள்.

---

பச்சிளம்_வார்டு | செவ்வாய், காலை 7.50

தனியார்ல இருக்கேன், என்.ஐ.சி.யு. (பச்சிளம் குழந்தைங்க ஐ.சி.யு.). கவர்ன்மென்ட்ல ஆள் இல்ல, பிரைவேட்ல எல்லாம் சரியா இருக்கும்னு நினைச்சுடாதீங்க. ஒரு நர்ஸுக்கு மூணு குழந்தை, அதுல ஒண்ணு வென்டிலேட்டர். தரச்சான்று இன்ஸ்பெக்‌ஷன் வர்ற ரெண்டு நாள் மட்டும் மத்த வார்டு பொண்ணுங்களை எங்க யூனிஃபார்ம் போட்டு நிறுத்துவாங்க. அந்த ரெண்டு நாள் எவ்வளவு நல்லா வேலை பார்ப்போம் தெரியுமா? ஒவ்வொரு குழந்தைக்கும் நேரத்துக்குப் பால், நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைக்கிறது, அம்மாகிட்ட உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் பேசுறது. மூணாம் நாள் பழையபடி ஆயிடும். எப்படிப் பார்க்கணும்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சே குறைச்சுச் செய்றதுதான் தாங்க முடியல.

சேரும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க. ரெண்டு வருஷ பாண்ட். நடுவுல போகணும்னா பணம் கட்டணும். கேரளாவுல நர்ஸுங்க போராடி 2018ல தனியார் ஆஸ்பத்திரிக்குக் குறைஞ்சபட்சம் 20,000 ரூபாய்னு வாங்கினாங்க. நான் வாங்குறதை இங்க எழுதவே வெட்கமா இருக்கு.

அப்புறம் போன மாசம் மன அழுத்த மேலாண்மை வகுப்புன்னு ஒண்ணு நடத்தினாங்க. நைட் முடிச்ச பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பாம மதியம் ஒரு மணி வரைக்கும் உட்கார வச்சாங்க. மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா நல்லவங்க. ஆனா கண்ணை மூடுங்கன்னு சொன்னதும் பாதிப் பேர் தூங்கிட்டாங்க. அந்தம்மாவே எழுந்து லைட்டை அணைச்சுட்டு, யாரும் எழுப்பாதீங்கன்னு சொல்லிட்டு வெளிய போய் நின்னாங்க. அவங்களுக்குத்தான் எங்க நிலைமை புரிஞ்சுது.

---

தென்கரை | செவ்வாய், மதியம் 12.18

டாக்டர், நர்ஸ் மட்டும் பேசுறீங்க. எங்கம்மா ஜி.எச்.ல ஒப்பந்த துப்புரவுப் பணியாளர். மஸ்டர்ல (வருகைப் பதிவேடு) பத்துப் பேர், வர்றது ஆறு பேர். ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லன்னு சிஸ்டர் எழுதியிருக்காங்களே, அந்த இல்லாத நாலு பேர்ல ஒருத்தர்தான் அது. அம்மா வார்டு கூட்டுற நேரத்துல பிணவறைக்கும் தள்ளிட்டுப் போவாங்க. வீட்டுக்கு வந்ததும் யார்கிட்டயும் பேசாம அரை மணி நேரம் திண்ணையில உட்கார்ந்திருப்பாங்க. அதுக்கப்புறம்தான் உள்ளயே வருவாங்க.

---

வைகை_எண்கள் | செவ்வாய், மாலை 5.02

பொது சுகாதாரம் படித்தவன். மேட்ரன் அம்மா சொன்ன கணக்கை வேறு ஊரில் அளந்து பார்த்திருக்கிறார்கள். லிண்டா எய்க்கன் குழு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் எடுத்த ஆய்வு, 2002இல் வெளியானது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் செவிலியர் எரிந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அறுவை சிகிச்சை நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடுகிறது. அங்கே அவர்கள் ஒப்பிட்டது ஒருவருக்கு நான்கு பேரா எட்டுப் பேரா என்று. இங்கே ஒருவருக்கு இருபத்தொன்பது. எந்த வரைபடத்திலும் நாம் இல்லை.

கரிசல்காட்டான் சாரின் அப்பாவும் இந்த சிஸ்டரின் மரத்துப்போன மனதும் ஒரே எண்ணின் இரண்டு பக்கம். இவர்களை எதிரெதிரே நிறுத்தினால் அந்த எண் தப்பித்துவிடும்.

போராடவில்லை என்றும் சொல்ல முடியாது. 2015இல் தமிழ்நாட்டில் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவத் துறை இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்தார்கள். 2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் ஸ்டிரைக் செய்தபோது ஊதியத்துக்கான அரசாணை 354 பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடம் வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கையில் இருந்தது. அதைப் பற்றி வெளியே அதிகம் பேசவில்லை. நோயாளிகளாகிய நாம்தான் அதற்குக் குரல் கொடுத்திருக்க வேண்டும்.

---

காஷுவாலிட்டி_மணி | செவ்வாய், இரவு 10.47

அடி வாங்கின கதையும் இருக்கு. லேட் ஆனதுக்குக் காரணம் ஆள் இல்லாதது. அடி வாங்குறது எதிர்ல நிக்கிறவன். 2008லயே தமிழ்நாட்டுல மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. ஆனாலும் 2024 நவம்பர்ல கிண்டி ஆஸ்பத்திரியில ஓ.பி. ரூமுக்குள்ளயே டாக்டரைக் கத்தியால குத்தினாங்க. அதுக்கப்புறம் நான் நாற்காலியைக் கதவைப் பார்த்துத்தான் போட்டுக்கிறேன். உள்ள வர்றவங்க கையைப் பார்த்துட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறேன். இப்படி இருந்தா நோயாளிமேல எனக்கு எங்கிருந்து பிரியம் வரும்?

---

நெறியாளர் | புதன், காலை 8.00

தூக்கமில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று தனிமடலில் இருவர் எழுதியிருக்கிறீர்கள். டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். நண்பர் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

---

கரிசல்காட்டான் | புதன், இரவு 9.15

ரெண்டு நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை, அது என் வாயில் வராது. ஆனால் அன்றைக்கு ராத்திரி அப்பா இருந்த வார்டில் எத்தனை செவிலியர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக அதைக் கேட்கவே தோன்றவில்லை. அந்த ஒரு சிஸ்டர் முகத்தை மட்டும்தான் நினைவில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மேட்ரன் அம்மா, வெளியிலிருந்து இதைக் கேட்க வழி இருக்கிறதா? உள்ளே இருப்பவர்கள் கேட்டால் மெமோ. எனக்கு யார் மெமோ கொடுப்பார்கள்?

---

பழைய_மேட்ரன் | வியாழன், காலை 10.20

இருக்கிறது தம்பி. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஏன் ஆள் இல்லை என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்:

இன்ன வார்டுக்கு அனுமதிக்கப்பட்ட படுக்கைகள் எத்தனை? கடந்த மூன்று மாதத்தில் ஒவ்வொரு நாளும் நள்ளிரவுக் கணக்குப்படி இருந்த உள்நோயாளிகள் எத்தனை? அந்த நாட்களில் இரவுப் பணியில் கையெழுத்திட்ட செவிலியர்கள் எத்தனை பேர்? அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடங்களில் காலியானவை எத்தனை, மாற்றுப்பணியில் வேறிடத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர்?

நள்ளிரவுக் கணக்கு என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பாயில் படுத்திருப்பவர்கள் அதில்தான் வருவார்கள்.

அந்தப் பெண்ணுக்கும் ஒன்று. சார்ட்டில் எடுக்காததை இனி எழுதாதே. உன் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டே செய். நைட் ரிப்போர்ட் புத்தகத்தில் முதல் வரியாக நோயாளி எண்ணிக்கையும் செவிலியர் எண்ணிக்கையும் நேரம் போட்டு எழுது. எந்தெந்தப் படுக்கைக்கு எடுக்க முடியவில்லை என்றும் எழுது. மெமோ வந்தால் அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துப் பதில் கொடு. என் காலத்தில் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

---

மூணாவது_வார்டு | வெள்ளி, காலை 9.05

இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட 31ஆம் படுக்கை விஷயத்தைச் சொன்னேன். முழுசாச் சொன்னேன். அவங்க ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "நானும் எழுதியிருக்கேன்டி"ன்னு சொல்லிட்டு அழுதுட்டாங்க. ஆர்.எம்.ஓ.கிட்ட (நிலைய மருத்துவ அலுவலர்) சேர்ந்தே போய்ச் சொல்லலாம்னு திங்கட்கிழமை நேரம் கேட்டிருக்கோம். என்ன ஆகும்னு தெரியல.

நேத்து நைட் ரிப்போர்ட்ல எழுதினது இது: "இரவு 12.00. உள்நோயாளிகள் 54. செவிலியர் 2. காலை 2.00 மணி அளவீடு படுக்கை எண் 9, 22, 27, பாய் 3, பாய் 6 ஆகியோருக்கு எடுக்க இயலவில்லை. 3.10க்கு எடுக்கப்பட்டது."

எழுதும்போது கை நடுங்குச்சு.

---

கரிசல்காட்டான் | வெள்ளி, மதியம் 1.30

ஸ்டாம்ப் வாங்கிவிட்டேன். வார்டு எண் மறந்துவிட்டது, அம்மாவிடம் கேட்டேன். அப்பாவின் டெத் சம்மரியை இத்தனை வருடம் பீரோவில் வைத்திருக்கிறார், எடுத்துக் கொடுத்தார். இன்று மாலை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.